குருவிமேட்டில் தொங்கிய தகரங்கள்

சிவகாமிப்பிள்ளை என்ற மனுஷியின் முன்னால் குருவிமேட்டு மரங்களைப் பற்றை, வெறும் புதர், என்று சொல்லிவிட்டு மரியாதையோடு வீடு திரும்பிய ஆள் சம்பூரில் கிடையாது. ஊரார் அதைத் தெரிந்து நடந்துகொண்டார்கள். வேலையை மேற்பார்க்க வந்த ஓவசியர் சோமசேகரத்துக்குத் தெரியாது. பாவம், அந்த மனுஷன் திருகோணமலைப் பட்டணத்திலிருந்து வள்ளமேறிக் குடாவைக் கடந்து வந்தவர். காற்சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். பட்டாளத்துக்கு வேலை பார்க்கிறேன் என்ற நினைப்பு வேறு தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அந்த மேட்டில இருக்கிற பத்தை முழுக்க வெட்டுப்படப் போகுது," என்றார் அவர், கோயிலடியில் கூடி நின்ற சனத்தைப் பார்த்து. "மேல பீரங்கி வருது. முதிரை, பாலை, வீரை இருந்தால் பலகைக்கு எடுப்பம். மிச்சமெல்லாம் முகாம் அடுப்புக்கு."

சப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. குடாவுக்கு அப்பால் சீனன்குடா விமானத்தளப் பக்கம் எழும்பிய கரும்புகையை இதே குருவிமேட்டில் நின்றுதான் பார்த்தார்கள். பிறகு பிள்ளைகுட்டிகளை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பீரங்கி வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சிவகாமிப்பிள்ளையும் அப்படிச் சொல்லவில்லை. அவளுடைய கோபம் வேறு.

"ஐயா, பத்தை எண்டு எதைச் சொல்றீங்கள்?" என்று கேட்டாள்.

"அந்தா, மேட்டில நிக்கிறதைத்தான்."

"பத்தை எண்டு ஒரு மரம் அங்க நிக்கேல்ல. காயா நிக்குது. வெட்சி நிக்குது. விண்ணாங்கு நிக்குது. உங்கட பேர் சோமசேகரம் எண்டு சொன்னாங்கள். நான் உங்களைத் தொப்பி போட்ட ஆம்பிளை ஒண்டு எண்டா கூப்பிடுறன்?"

பின்னால் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஓவசியரின் முகம் சுண்டிப்போயிற்று. "தமிழ்ப் பாடம் படிக்க நான் வரேல்ல," என்று சொல்லிவிட்டு அவர் மேட்டைப் பார்த்து நடந்தார். அன்றைக்கே அவர் சிவகாமிப்பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொண்டார். நல்லதற்கு அல்ல.

வாய்க்கொழுப்பு என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் உண்டுதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவள் துடித்ததற்குக் காரணம் வேறு. அந்த ஊரில் ஏழு குடிகள். தாய்வழியாக வருகிற குடிகள். அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு காட்டுப்பூ. வீட்டு வேலியில் வளர்த்த பூ அம்மனுக்கு ஆகாது. குடியின் மூத்த பெண் தானே காட்டுக்குப் போய், நிற்கிற மரத்தில் தன் கையால் ஒடித்து வரவேண்டும். கோயில் வாசலில் அதன் நிர்வாகியான வண்ணக்கர் பிரம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார். "என்ன பூ? எங்க நிக்குது?" என்று கேட்பார். அவள் பேரையும் இடத்தையும் சொன்னால் பிரம்பு உயரும், பூ உள்ளே போகும், அந்தக் குடியின் பானை அடுப்பில் ஏறும். பூ வராவிட்டால் அந்தக் குடி பந்தலுக்கு வெளியே. ஒருமுறை வெளியே போன குடியைத் திரும்ப உள்ளே எடுக்கிற வழக்கம் கிடையாது.

சிவகாமிப்பிள்ளையின் குடிக்குக் காயா. சின்ன மரம்தான், ஆனால் பூத்துவிட்டால் பார்க்கவேண்டும். இலைக்குக் கீழே, வெறுங்கம்பைச் சுற்றி, மயில் கழுத்து நிறத்தில் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்தில் காயா நிற்கிற இடம் குருவிமேடு ஒன்றுதான்.

விஷயம் வண்ணக்கர் கந்தப்போடியிடம் போயிற்று. நல்ல மனுஷன், சண்டை என்றால் ஒதுங்கிப்போகிற ஆள். "பிள்ளை, காலம் கெட்டுக் கிடக்குது. நீலப்பூதானே வேணும்? உன்ர வேலியில சங்குப்பூப் படர்ந்திருக்குது. இந்த வருஷம் அதைக் கொண்டா, நான் கண்டுகொள்ள மாட்டன்," என்றார்.

"அம்மாள் கண்டுகொள்ளுவா, போடியார்."

"அவவுக்கு நீலம் நீலம்தானே."

"அப்ப வண்ணக்கர் வண்ணக்கர்தானே. பிரம்பை ஓவசியரிட்டக் குடுப்பமா?"

கந்தப்போடி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார்.

வீட்டிலும் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. புருஷன் கதிராமன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே ஒரு யோசனை சொன்னான். "வெட்ட வாற ஆக்களிட்ட அது தில்லை எண்டு சொல்லிவிடு. பால் தெறிச்சால் கண் போயிடும் எண்டு சொல்லு. கோடாரியையும் போட்டுட்டு ஓடுவாங்கள்."

கெட்டிக்கார யோசனைதான். தில்லைப்பால் கண்ணில் பட்டுப் பார்வை மங்கின ஆட்கள் கடற்கரையோரம் இருந்தார்கள், எல்லாரும் நம்புவார்கள். ஆனால் சிவகாமிப்பிள்ளை புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "வருஷா வருஷம் அம்மாளுக்கு முன்னால காயா எண்டு சொல்ற வாய் இது. இதால தில்லை எண்டு சொல்லட்டே? பொய்ப் பேரில பிழைச்ச மரத்தை என்ன சொல்லிக் கொண்டுபோய் நீட்டிறது?"

"மரம் மிஞ்ச வேணும் எண்டால் சொன்னன்."

"மரமும் மிஞ்ச வேணும், பேரும் மிஞ்ச வேணும்," என்றாள் அவள். கதிராமன் வலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனுக்குத் தெரிந்த பாதுகாப்பான இடம் அதுதான்.

வெட்டு வேலைக்கு மூதூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் அபூதாஹிர். சிவகாமிப்பிள்ளைக்கு அவரைத் தெரியும், விறகு வண்டியோடு ஊருக்குள் வந்துபோகிறவர், காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாள். வேலை தொடங்கிய காலையிலேயே அவள் மேட்டுக்குப் போனாள். கடல் முகப்பில் கோடாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெட்சிகள் சிவப்புப் பூவோடு சாய்ந்து கிடந்தன. ஆனால் நடுவில் ஒரு பாலையும், தள்ளி ஒரு தேத்தாவும் கீறல் படாமல் நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தாள். கிளையில் கம்பி கட்டி, ஈயநிறத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதில் இங்கிலீசு எழுத்து.

"இதென்ன காக்கா, இதை மட்டும் விட்டிருக்கிறீங்க?"

அபூதாஹிர் கோடாரியை ஊன்றிக்கொண்டு வேர்வையைத் துடைத்தார். "அது லெப்டினன்ட் துரை தொங்கவிட்டது தங்கச்சி. பீரங்கிக்குப் பொறுப்பா வந்திருக்கிற வெள்ளைக்காரன். மரம் எண்டால் பைத்தியம், அப்பிடி ஒரு விசர் அவருக்கு. தனக்குப் புடிச்ச மரத்தில பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கார். தகரம் தொங்கிற மரத்தில கைவைக்கப்படாது எண்டு கட்டளை. ஓவசியர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்."

"தகரம் தொங்கினால் வெட்டமாட்டீங்களா?"

"கட்டளை எண்டால் கட்டளைதானே."

"அதில என்ன எழுதியிருக்குது எண்டு பார்ப்பீங்களா?"

அபூதாஹிர் அவளைப் பார்த்தார். தாடியைத் தடவினார். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது தங்கச்சி. என்ர ஆக்களுக்கும் தெரியாது. தொங்குதா, தொங்கேல்லையா, அவ்வளவுதான் எங்களுக்குக் கணக்கு. முகப்பு முடிய நாள் எடுக்கும். அதுக்குப் புறவுதான் பின்பக்கம் வருவம்."

காயா நிற்பது பின்பக்கத்தில். முகப்பிலும் நாலைந்து நின்றன, அவை அன்றைக்கே போய்விட்டன. சின்ன வயதில் அவள் முதன்முதல் ஏறிப் பூவொடித்த காயாவும் அதற்குள் அடக்கம். அவள் அதன் அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினாள். நேரே போனது முகாமின் குப்பைக் குழிக்கு.

அங்கே பட்டாளத்தார் தின்று எறிந்த தகரப் பேணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பால்பேணி, பிஸ்கற்பேணி, மாட்டிறைச்சிப் பேணி. அவளுடைய குடிப் பெண்கள் ஓலைக் கடகங்களோடு வந்து சேர்ந்தார்கள். மாட்டிறைச்சிப் பேணியை ஒருத்தியும் தொடவில்லை. அம்மனுக்குப் பூக் கொடுக்கிற மரத்தில் அதையா தொங்கவிடுவது? பால்பேணியும் பிஸ்கற்பேணியுமாகப் பொறுக்கி வந்தார்கள். மாட்டிறைச்சிப் பேணி வெளியே மங்கல் பூச்சு பூசியது. பால்பேணி உள்ளே வெள்ளிபோல இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வினையானது இதுதான்.

வினையை இன்னும் பெரிதாக்கியது அவர்களுடைய பக்தி. அம்மனுடைய மரத்துக்குப் போகிற தகரம் எச்சிலாக இருக்கலாமா? புளியும் சாம்பலும் போட்டு, பொங்கலுக்குக் குத்துவிளக்கு விளக்குவது போல, ஒவ்வொரு துண்டையும் தேய்த்தார்கள். முகம் பார்க்கலாம், அப்படித் தேய்த்தார்கள். பிறகு ஆணி முனையால் எழுத்தைக் குத்தினாள் சிவகாமிப்பிள்ளை. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணல்மாணலாக வந்தாலும் வாசிக்க முடிந்தது.

முதலில் காயா, காயா, காயா என்று குத்திக்கொண்டே போனாள். பிறகு கை நின்றது. பக்கத்தில் நிற்கிற வெட்சி என்ன பாவம் செய்தது? கொன்றை ஞானமணியின் குடிக்குரியது. ஞானமணி கதிராமனுடைய தங்கை, சிவகாமிப்பிள்ளைக்கு மச்சாள். இரண்டு பேருக்கும் பொங்கல் பந்தலில் யார் முன்னுக்கு நிற்பது என்பதில் பல வருஷப் பகை. கொன்றை ஊரெல்லாம் நிற்கிறது, மேட்டில் நிற்பது போனாலும் ஞானமணிக்கு நட்டமில்லை. இருந்தாலும் சிவகாமிப்பிள்ளை கொன்றைக்கும் ஒரு தகரம் குத்தினாள். பிறகு விண்ணாங்குக்கு, நாவலுக்கு, உலுவிந்தைக்கு. காட்டுமல்லிகைக் கொடிக்குக்கூட ஒன்று. மரத்தில் ஆணி அடிக்க மனம் வரவில்லை, வலைநூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

பட்டப்பகலில்தான் கட்டினார்கள். ஒளிக்க என்ன இருக்கிறது? ஞானமணி பராக்குப் பார்க்க வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தகரமாக வாசித்துக்கொண்டு போனவள் ஒரு முள்மரத்தடியில் நின்றாள்.

"மச்சாள், இதில உடை எண்டு போட்டிருக்கிறியள்."

"உடைதான்."

"எந்தக் கண்ணால பார்த்தனீங்கள்? இது விடத்தல். அந்தா மேல ஒரு பூ மிஞ்சியிருக்குது, பாருங்கோ. மேல்பாதி கத்தரிப்பூ நிறம், கீழ்பாதி மஞ்சள். உடைக்கு வெள்ளைப் பூவெல்லே."

சிவகாமிப்பிள்ளை அண்ணாந்து பார்த்தாள். விடத்தல்தான். மச்சாளிடம் தோற்பது வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. ஆனாலும் பிழை பிழைதானே. தகரத்தை அவிழ்த்தாள். "சரி, நீங்களே குத்துங்கோ," என்று ஆணியை நீட்டினாள். ஞானமணி உட்கார்ந்தவள் எழும்பவில்லை. சாயந்தரத்துக்குள் அவளுடைய குடிப் பெண்களும் வந்துவிட்டார்கள்.

பின்சரிவின் அடியில், இரண்டு பாறைகளுக்கு நடுவில், ஒரு மரம் நின்றது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். இலை மேலே பளபளப்பு, கீழே சாம்பல் பூத்தது. சிவகாமிப்பிள்ளைக்குத் தெரியவில்லை. ஞானமணி ஒரு இலையைக் கசக்கி மணந்தாள், அவளுக்கும் தெரியவில்லை. ஏழு குடியிலும் கேட்டார்கள். அபூதாஹிரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், அவர் உதட்டைப் பிதுக்கினார். பூவும் இல்லை, காயும் இல்லை, எதை வைத்துச் சொல்வது?

"பேர் இல்லாட்டித் தகரம் இல்லை. விடுங்கோ மச்சாள்," என்றாள் ஞானமணி.

"பேர் இல்லையெண்டு ஆர் சொன்னது? எங்களுக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான்." சிவகாமிப்பிள்ளை பெரிய துண்டாக எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு குத்தினாள்: பேர் தெரியாது. விசாரிக்கிறோம்.

அபூதாஹிரின் ஆட்கள் பின்பக்கம் வந்தார்கள். பார்த்தார்கள். கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார்கள். ஓவசியர் வந்து தலைகீழாக நின்றார். "இங்கிலீசுத் தகரம் உள்ள மரத்தைத்தான் விடச்சொன்னது," என்று கத்தினார். "எது இங்கிலீசு, எது தமிழ் எண்டு எங்களுக்குத் தெரியாதே ஐயா. பிழையா ஒண்டை வெட்டிப்போட்டால் துரை எங்களை வெட்டிப்போடுவார்," என்றார் அபூதாஹிர், பால்குடிப் பிள்ளை முகத்தோடு.

அன்றைக்குச் சிவகாமிப்பிள்ளை வென்றுவிட்டாள் என்றுதான் ஊரே நினைத்தது. அவளும் நினைத்தாள். அடுத்த நாள் வெயில் ஏறியது.

வெயில் ஏறியதும் குருவிமேடு பற்றிக்கொண்டு எரிகிற மாதிரி மின்னியது. காற்றுக்குத் தகரமெல்லாம் ஆட, குடாவின் அந்தக் கரை வரைக்கும் பளீர் பளீர் என்று அடித்தது. சீனன்குடாவிலிருந்து கிளம்பின விமானம் ஒன்று மேட்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஜீப் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. லெப்டினன்ட் துரை இறங்கினார், தோளில் துவக்கோடு இரண்டு சிப்பாய்களும் இறங்கினார்கள். துரை இளந்தாரி. வெயில் பட்டு மூக்குத் தோல் உரிந்திருந்தது. அன்றைக்கு அந்த முகத்தில் மரம் பார்க்கிற விசர் எதுவும் இல்லை, வெறும் கோபம்தான் இருந்தது.

அவர் இங்கிலீசில் சொன்னதை ஓவசியர் இனிக்க இனிக்கத் தமிழில் சொன்னார். "பீரங்கி நிக்கிற இடத்தை ஆகாயத்துக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறாய். இது எதிரிக்குச் சைகை காட்டிற குற்றம். ஆர் செய்தது எண்டு துரை கேக்கிறார். மறியல்தான், கம்பி எண்ண வேண்டியதுதான்."

பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சிவகாமிப்பிள்ளை உண்மையில் பயந்துபோனாள். பயத்தைவிடப் பெரிதாக ஒரு வெட்கமும் வந்தது. போன வருஷத்துக் குண்டுப்புகையைப் பார்த்தவள் அவள். மேட்டைக் காப்பாற்றப்போய் மேட்டில் குண்டு விழ வழி பண்ணிவிட்டாளே. அவள் முன்னுக்கு வந்தாள்.

"நான்தான் செய்தனான். மினுங்கினது என்ர பிழை. அதை ஒத்துக்கொள்ளுறன் எண்டு துரையிட்டச் சொல்லுங்கோ. ஆனால் சப்பான்காரனுக்குச் சைகை காட்டினன் எண்டு சொல்லப்படாது. அவன் குண்டு போட்டால் முதல்ல எரியிறது என்ர காயா."

ஓவசியர் அதை எப்படிச் சொன்னாரோ, துரையின் நெற்றி சுருங்கியது. அவர் மேட்டை ஒருமுறை பார்த்தார், கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பொழுதுபட முதல் இந்த மேட்டில மினுங்கிற சாமான் ஒண்டும் இருக்கப்படாது. இருந்தால் நாளைக்குக் காலமை உன்னைக் கூட்டிக்கொண்டு போவினம்," என்றார் ஓவசியர்.

"மினுங்கப்படாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

ஜீப் போனதும் ஞானமணி தகரத்தை அவிழ்க்கக் கையை வைத்தாள். சிவகாமிப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்தாள். "கழட்டச் சொல்லேல்ல மச்சாள். மினுங்கப்படாது எண்டுதான் சொன்னவர்."

ஓடினாள் வீட்டுக்கு. கதிராமனுடைய வலைச்சாயப் பானை வாசலில் இருந்தது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாறு. கடற்கரை ஆட்களுக்குத் தெரியும், அந்தச் சாற்றில் தோய்த்த வலை உப்புத்தண்ணிக்கும் அசையாது. கையில் பட்டால் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போவோம், கறுப்புப் போகாது. கதிராமன் வாயைத் திறக்குமுன் பானை அவள் இடுப்பில் ஏறிவிட்டது.

"என்ர வலைக்கு?" என்றான் அவன்.

"வலை நாளைக்கு. நீங்கள் போய் இன்னும் கொஞ்சம் பனிச்சங்காய் பறிச்சு இடியுங்கோ."

அவன் போனான். சும்மா சொல்லக்கூடாது, ஊர் முழுக்க இடித்தது. ஏழு குடியின் பெண்களும் தென்னம்பாளையை நாராக அடித்துத் தூரிகை செய்துகொண்டு, மேட்டில் ஏறித் தகரம் தகரமாகப் பூசினார்கள். சாறு காயக் காயத் தகரம் கறுத்தது. குத்தின எழுத்து மட்டும் தடவினால் கைக்குத் தெரிந்தது, கிட்டப் போனால் கண்ணுக்கும் தெரிந்தது. பொழுது சாயும்போது மேட்டில் மினுங்கியது வேர்த்த முகங்கள்தான்.

காலையில் துரை வந்தார். மேட்டைச் சுற்றி நடந்தார். ஒன்றும் மினுங்கவில்லை. ஆனால் ஒரு தகரமும் குறையவும் இல்லை. தகரம் அப்படியே தொங்குகிறதே என்று ஓவசியர் துரையின் காதுக்குள் ஓதினார். துரை குறடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முதல் காயாவில் தொங்கின தகரத்தைத் தானே வெட்டி எடுத்தார்.

"காயா," என்றாள் சிவகாமிப்பிள்ளை, உரக்க.

துரை திரும்பிப் பார்த்தார். அடுத்ததை வெட்டினார்.

"வெட்சி," என்றாள் அவள். பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்து சொன்னார்கள்: "வெட்சி." அவர் வெட்ட வெட்ட, அவர்கள் சொல்லிக்கொண்டே பின்னால் போனார்கள். கொன்றை. விண்ணாங்கு. நாவல். விடத்தல் வந்தபோது ஞானமணியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சிப்பாய்கள் துவக்கை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டார்கள். பேர் சொல்வது குற்றம் என்று எந்தக் கட்டளையிலும் இல்லை.

பாறைகளுக்கு நடுவில் வந்ததும் துரை அந்தப் பெரிய தகரத்தைக் கையில் எடுத்தார். குறடு உயர்ந்தது. சத்தம் இல்லை. அவர் திரும்பி, ஏன் சொல்லவில்லை என்பது போல அவளைப் பார்த்தார். பிறகு ஓவசியரிடம் வாசிக்கச் சொன்னார். ஓவசியர் வேண்டாவெறுப்பாக வாசித்து, இங்கிலீசில் சொன்னார்.

துரை குறடை இறக்கினார். மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு இலையைத் திருப்பி, சாம்பல் பூத்த பக்கத்தை விரலால் தடவினார். பிறகு சரிவுக்கு அப்பால் கையை நீட்டி ஏதோ சொன்னார். அங்கேயும் அதே சாதி மரம் ஒன்று அவருடைய ஈயநிறத் தகரத்தோடு நின்றது. அதில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தது.

"விசாரிச்சுத் தெரிஞ்சுதா எண்டு கேக்கிறார்," என்றார் ஓவசியர்.

"இன்னும் இல்லை. பூத்தால்தானே பேர் கேட்கலாம். நிண்டால்தானே பூக்கும்."

ஓவசியர் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, பீரங்கி வருகிற உச்சியையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். ஓவசியரிடம் ஏதோ கேட்டார். ஓவசியர் தன் தொப்பியைச் சரிசெய்தார். துரை இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டார். சுடுவதற்குத் தெரியவேண்டியது கடல் முகப்புத்தானே, பின்சரிவை ஏன் வெட்டுகிறாய் என்பதுதான் கேள்வி என்று அபூதாஹிர் பிறகு விசாரித்து வந்து சொன்னார். துரையின் முடிவு இதுதான்: முகப்பு மொட்டையாகவே போகும். பின்சரிவு நிற்கும். துரை வெட்டி எடுத்த தகரங்களைச் சிவகாமிப்பிள்ளையின் கடகத்துக்குள் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுடைய மரத்தை அவளுக்கே கொடுத்ததற்கு என்ன நன்றி?

வைகாசி வந்தது. உச்சியில் பீரங்கி வலைப்போர்வைக்குள் படுத்திருந்தது. பின்சரிவில் காயா பூத்துக் கொட்டியது. சிவகாமிப்பிள்ளை தன் கையால் ஒடித்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தாள். பின்னால் அவளுடைய குடி முழுக்க, கழுவின பானையோடு. கந்தப்போடி பிரம்பைக் குறுக்கே பிடித்திருந்தார். காயாவைக் கண்டதும் மனுஷனுடைய முகமே மலர்ந்துவிட்டது. ஆனால் அவள் நீட்டினது இடது கையிலிருந்த கொப்பை. சாம்பல் பூத்த இலைக்கு நடுவில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், நெல்லு அவிகிற மணம்.

"முதல்ல இது," என்றாள்.

"என்ன பூ?"

"பேர் தெரியாது."

கந்தப்போடி அக்கம்பக்கம் பார்த்தார். "எங்க நிக்குது?"

"குருவிமேட்டில நிக்குது."

"பேரில்லாத பூவுக்குக் குடியில்லை, பிள்ளை. அதை அங்கால வைச்சிட்டுக் காயாவைக் கொண்டா. உன்ர குடி காத்துக்கொண்டு நிக்குது."

"மேடு மிஞ்சினது இந்த மரத்தால. அது வெளியில நிண்டால் காயாவும் வெளியிலதான்."

பின்னால் அவளுடைய சனம் பதறிப்போயிற்று. எதற்காக இவ்வளவு பாடுபட்டாளோ, அதை வாசலில் வந்து நின்று தூக்கி எறிகிறாளே. கதிராமன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனாலும் அவள் நீட்டிய கொப்பு இறங்கவில்லை.

ஞானமணி ஏற்கெனவே பிரம்பைத் தாண்டி, உள்ளே போகிற வரிசையில் முன்னுக்கு நின்றாள், அந்த இடத்துக்காக எத்தனை வருஷம் சண்டை போட்டவள். கையிலிருந்த கொன்றையைப் பார்த்தாள். திரும்பி நடந்து வந்து மச்சாளுக்குப் பக்கத்தில் நின்றாள். "அப்ப கொன்றையும் நிக்கட்டும்," என்றாள். வெட்சிக்காரி வந்தாள். நாவலுக்குரியவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஏழு பூவும் வாசலுக்கு வெளியே நின்றன. உள்ளே அம்மன் வெறும் மஞ்சளோடு இருந்தாள்.

கந்தப்போடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எந்தக் குடி?"

"பேர் கிடைக்கும்வரைக்கும் எங்கட குடி," என்றாள் சிவகாமிப்பிள்ளை.

பிரம்பு உயர்ந்தது. பேர் தெரியாத பூ முதலில் உள்ளே போனது, காயா அதற்குப் பின்னால் போனது.